பெட்ரோல் முள்ளும் ஒரு சத்தியமும்

யுத்த காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அப்போது முத்தையாபுரத்து உப்பளங்களிலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை அடிக்கும் ஒரு முதலாளியின் லாரி செட்டில் நான் வயர்மேன். உப்புக்காற்றில் வயர் அரிக்காத நாளும் கிடையாது, எனக்குக் கோபம் வராத நாளும் கிடையாது.

அங்கே ஒரு லாரியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் பேயாட்டம் ஆடியது. அதன் டிரைவர் நாசரேத்துக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர், என் சிநேகிதர். "முள்ளு அடியில கெடக்கு அண்ணாச்சி, பெட்ரோல் ஊத்தணும்" என்பார். முதலாளி வந்து சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புவார். முள் எகிறி நிற்கும். "நெறஞ்சுல்லா கெடக்கு, யாருக்கு ஊத்தணும்?" என்பார். பிறகு நான் ஏறி உட்கார்ந்து பார்த்தால் டிரைவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். டிரைவர் பெட்ரோலை எடுத்து விற்கிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம்; அதைச் சொன்னால் நானும் கூட்டுக் களவாணி ஆகிவிடுவேன். தொட்டியின் வாய் வளைந்திருந்ததால் குச்சி விட்டுப் பார்க்கவும் வழியில்லை. மீட்டருக்குப் பின்னாலிருந்த வயர்களையெல்லாம் கழற்றி மாட்டினேன். என் கையில் இருக்கும்வரை முள் சமர்த்துப் பிள்ளைதான்.

முதலாளி முள்ளைப் பார்த்து, நிறைந்திருக்கிறது என்று அனுப்பிய லாரி ஒருநாள் உப்பு மூட்டைகளோடு பாதி வழியில் நின்றுவிட்டது. தொட்டியில் சொட்டுப் பெட்ரோல் இல்லை.

முதலாளி கத்தவில்லை. செட்டிலிருந்த முருகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றச் சொன்னார்.

"ஏலே, பெட்ரோல எடுக்கலன்னு இத அணைச்சு சத்தியம் பண்ணிரு. பேச்ச இத்தோட விட்டுருவோம்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. டிரைவரின் மானம் போகாமலிருக்க முதலாளி பரிவோடு காட்டிய வழி அது. டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாங்க வேதக்காரங்க, சத்தியம் பண்ண மாட்டோம் அண்ணாச்சி. எடுக்கலன்னா எடுக்கல."

"மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்" என்றார் முதலாளி. சூடம் தானாக எரிந்து முடிந்தது. டிரைவர் சாவியை வைத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து அந்த லாரிக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு எழுந்தேன். உடம்பெல்லாம் கிரீஸ். சீட்டைப் பாழாக்குவானேன் என்று வெளியில் நின்றபடியே சாவியைத் திருப்பினேன். முள் நிறைந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன், விழுந்தது. இறங்கினேன், எழுந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில்தான் தொட்டி. அதன் எர்த்து வயர் உப்பில் அரித்து முனை விட்டிருந்தது. ஆள் உட்கார்ந்தால் சீட்டு அமுக்கி ஒட்டும், எழுந்தால் விலகும். எர்த்து விட்டால் அந்த மீட்டர் நிறைந்ததாகத்தான் காட்டும். டிரைவர் சீட்டில் முதலாளி உட்காருகிற வழக்கமே இல்லை. இரண்டு பேரும் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளியைப் பிடித்து ஏற்றி இறக்கிக் காட்டினேன். அவர் முகம் செத்துவிட்டது. நாசரேத்துக்கு ஆள் அனுப்பி டிரைவரை வரவழைத்தார். ஊர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு எம்மேலதான். வண்டிய எடு."

டிரைவர் முள்ளையும் பார்த்தார், வயரையும் பார்த்தார். குறை கண்டுபிடித்த பெருமையில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இப்ப முள்ளு சொல்லுதுன்னு நம்புதிய அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு நான்லா சொன்னேன்."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்.