நம்பர் போட்ட பலகைகள்

பழைய மரத்தரையைப் பெயர்க்கும்போது நாகராசு ஒவ்வொரு பலகையின் அடியிலும் சாக்பீஸால் நம்பர் போடுவார். வேறு ஊரில் கொண்டுபோய் விரித்தாலும் அதே வரிசைதான். "ஒண்ணோட ஒண்ணு பழகுன பலகை. மாத்திப் போட்டா இடுக்கு விடும்" என்பார். யாரும் சொல்லித் தந்ததில்லை. சிங்கப்பூரில் தரை போடும் கம்பெனிக்குச் சுமை தூக்கப் போனவர், பார்த்தும் கெடுத்தும் கற்றுக்கொண்டு அரிமளத்துக்குத் திரும்பினார்.

திருவரங்குளத்தில் சந்தனமேரி வீட்டு மாடியறைக்கு அவர் எடுத்து வைத்திருந்தது, கொடைக்கானலில் இடித்த ஒரு பங்களாவின் பைன் பலகை. சந்தனமேரி ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் வீரய்யா நெடுநாள் படுத்துக் கிடந்து இறந்தது அந்த அறையில்தான். அதன் பிறகு சந்தனமேரி கீழே டிவியை ஓடவிட்டுக்கொண்டு ஹாலில் படுத்தார். "ஈஸ்டருக்குள்ள ஒங்க ரூம்ல படுக்கலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்" என்று சென்னையிலிருந்து மகள் ஷர்லி சொல்லிவிட்டாள். தரையை மாற்றினால் அறையும் மாறும் என்று அவர் நம்பினார்.

நாகராசு மூன்று மாதிரிப் பலகைகளைத் தோதகத்தி மரக் கட்டிலில் சாய்த்து வைத்தார்.

"இந்தச் செவப்பு எடுப்பா இருக்கே?"

"கட்டிலும் பீரோவும் கறுப்பும்மா. தரையும் செவந்தா ரூமு கெணறாட்டம் ஆயிரும்."

"அப்ப வெள்ளையா?" அவரே கையை உதறினார். "வேணாம். ஆஸ்பத்திரியிலயே ஆயுசு போச்சு."

மிஞ்சியது தேன் நிறம், அந்தக் கொடைக்கானல் பைன்.

"தழும்பெல்லாம் தெரியுதே, நாகராசு."

"லேசாத் தேச்சாப் போதும்மா. ரொம்பச் சீவினா பழசு வாங்குனதுக்கே அர்த்தமில்ல."

அப்படியே தேய்த்தார். நம்பர் வரிசையில் ஜன்னலிலிருந்து விரித்தார். எண்ணெய் காய்ந்ததும், சுமை தூக்க வந்த வெள்ளைச்சாமியோடு கட்டிலை இழுத்தார். ஜன்னலோரம் வந்ததும் கட்டில் கால்கள் நான்கும் டக்கென்று இறங்கின. அதற்குமேல் நகரவில்லை.

நாகராசு குனிந்து பார்த்தார். நான்கு குழிகள். அந்தப் பங்களாவில் யாருடைய கட்டிலோ பதிந்த இடம். அதைப் பார்த்தாற்போல் பக்கத்தில் இன்னும் நான்கு சின்னக் குழிகள், ஒரு நாற்காலிக்கு. அவற்றுக்கு முன்னால் இரண்டு இடங்களில் பலகை வழவழவென்று தேய்ந்திருந்தது. தனித்தனிப் பலகையாகத் தேய்த்தபோது வெறும் தழும்பு. வரிசையாக விரித்ததும் அந்த அறையே வந்துவிட்டது.

வெள்ளைச்சாமி கீழே இறங்கிப் போனான்.

"அங்க யாரு ஒக்காந்திருந்தா?" வாசலிலிருந்தே கேட்டார் சந்தனமேரி.

"தெரியலம்மா. நான் போகையில காலி ரூமு." நாகராசு உளியை எடுத்தார். "என் தப்புதான். பெயர்த்துக் கலைச்சுப் போட்டுத் தாரேன்."

சந்தனமேரி மெதுவாக உள்ளே வந்து, தேய்ந்த இடங்களில் பாதங்களை வைத்துப் பார்த்தார்.

"தூங்கிறக் கூடாதுன்னு காலைத் தேச்சுத் தேச்சு ஒக்காந்திருக்கு. நானும் இப்பிடித்தான் இருந்தேன்." பாதங்களை எடுத்துக்கொண்டார். "கலைக்காத. கட்டிலை மட்டும் அந்தச் செவுத்துப் பக்கம் போடு."

"வெளிய எடுத்து வச்ச ஒங்க பிரம்பு நாற்காலி?"

"அந்தக் குழி மேலயே போட்டுரு. இந்த ரூம்ல நான் ஒருத்திதான் முழிச்சுக் கெடந்தேன்னு நெனச்சிருந்தேன்."

ஈஸ்டர் முடிந்து நாகராசு இரண்டாம் பூச்சுக்கு வந்தார். ஷர்லி வந்து தனியாகவே திரும்பிப் போயிருந்தாள். கட்டிலில் போர்வை கசங்கிக் கிடந்தது. தலையணையில் தலை அழுந்திய பள்ளம். நாற்காலியை நகர்த்திவிட்டு, தேய்ந்த இடத்தில் எண்ணெய்த் துணியை வைத்தவர் கையை இழுத்துக்கொண்டார். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலைப் பார்த்தார். வெயில் இன்னும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"யம்மா," மாடிப்படியில் நின்று கேட்டார், "இந்த நாற்காலியில ஒக்காருவீங்களா?"

"நானா?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "படுத்தா விடிஞ்சுதான் முழிக்கிறேன். எனக்கு எங்கிட்டு ஒக்கார நேரம்?"

நாகராசு உள்ளே போய், நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தார். அதைச் சுற்றி மட்டும் எண்ணெய் பூசினார்.