கதவு சாத்தும் சத்தம்

சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைக் ‘கதவு’ என்றுதான் கூப்பிடுவார்கள். விசேஷ வீட்டு வாசலில் யாராவது புதுக் காரில் வந்து இறங்கினால் போதும், இவர் போய் அதன் கதவை ஒரு முறை திறந்து சாத்திக் காது கொடுப்பார். டப்பென்று அடங்கினால் தலையாட்டுவார். தகரத்தைத் தட்டிய மாதிரி கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இதுக்கு ஆட்டோவுலயே வந்திருக்கலாம்” என்பார். வண்டிக்காரருக்கு வயிறு எரியும்.

அப்படிப் பேசத் தனக்கு உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். மீசை முளைத்த வயசில் ஒரு கார் கம்பெனியின் ஷோரூமில் விற்பனைக்குச் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருந்தார். மற்ற கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டும் போகவில்லை. வருகிறவர்களிடம் மைலேஜ், இன்ஜின் என்றெல்லாம் வளவளக்க மாட்டார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தச் சொல்வார். “கேட்டீங்களா சார்? இதுதான் எங்க கம்பெனி. மத்ததெல்லாம் டப்பா.” பாதிப் பேர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்கள். கம்பெனி சொல்லிக்கொடுத்த வித்தைதான் அது. ஆனால் அதை முழுசாக நம்பியவர் அந்த ஷோரூமிலேயே இவர் ஒருத்தர்தான். பாவி மனுஷன், நம்பித் தொலைத்தார்.

அவருடைய அக்கா வேறு கம்பெனி வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். இவர் ஒற்றைக் காலில் நின்று அதைத் தடுத்து, தன் ஷோரூமிலேயே புது மாடலை வாங்க வைத்தார். அம்மா போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். “நீ சொன்னா சரிடா” என்றாளே தவிர, கதவைக்கூடச் சாத்திப் பார்க்கவில்லை.

போன வாரம் தெருமுனையில் அவள் அந்தக் காரைத் திருப்பும்போது ஒரு சரக்கு வேன் பக்கவாட்டில் வந்து இடித்தது. பெரிய வேகம்கூட இல்லை. வேனுக்கு ஒரு விளக்கு உடைந்தது. அக்காவுக்குத் தோளும் கையும் முறிந்தன. கதவு உள்பக்கமாக மடங்கி அவள்மேல் சாய்ந்திருந்தது.

வண்டியைக் கொண்டுபோன இடத்தில் டிங்கரிங் கடைக்காரர் கதவின் உள்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். வெளித் தகடு முழுக்கக் கறுப்பாக, கனமாக, தார் மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருந்தது. இடியைத் தாங்கக் குறுக்கே போக வேண்டிய இரும்புக் குழாயைக் காணோம். பக்கத்தில் நின்ற அதே கம்பெனியின் பழைய வண்டியில் அது இருந்தது.

“என்னய்யா இது?”

“சத்தம் நல்லா வர்றதுக்கு ஒட்டுறதுண்ணே. குழாயைத்தான் புது மாடல்ல எடுத்துட்டாங்களே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

நேரே ஷோரூமுக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றார். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“குழாய் இருக்கான்னு எந்த கஸ்டமராவது கேட்டிருக்காங்களா? நீங்களே எத்தனை பேருக்குக் கதவைச் சாத்திக் காட்டியிருப்பீங்க? அவங்க கேக்குறதைத்தானே குடுக்குறோம்.”

இவருக்கு, இத்தனை வருஷம் உழைத்ததற்கு முதுகில் குத்திவிட்டார்களே என்று நெஞ்சு கொதித்தது. குத்தியதுகூடப் பரவாயில்லை, தன் வாயை வைத்தே தன் அக்காவைக் கவிழ்த்துவிட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அக்கா கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழாய், பட்டை, மேனேஜர் சொன்னது, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார். எதையும் மறைக்கவில்லை.

“இத்தனை வருஷமா அங்கயே கெடக்குற. உனக்குத் தெரியாதாடா?”

“சத்தியமாத் தெரியாதுக்கா.”

அவள் நல்ல கையால் அவர் தலையைத் தடவினாள்.

“சரி விடு. உன் பொழப்பு அப்படி. எனக்கு உன்மேல கோவம் இல்ல.”

“இல்லக்கா, நெசமாவே எனக்கு...”

“அதான் விடுன்னு சொல்றேன்ல. சாப்பிட்டியா?”

இன்னொரு சத்தியம் செய்தால் அது இன்னும் பொய்யாகத்தான் கேட்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனுஷன், “சாப்பிட்டேன்க்கா” என்றார். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். அதை அவள் நம்பினாள்.