கூடியிருக்காம்

ஆறாவது வாரத்தில் உதிரம் பட்டது. கரு தங்குமா என்று பார்க்க, ஹார்மோன் அளவை இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கச் சொன்னார் டாக்டர். மாத்தளை லேப்பில் இரண்டாவது ரிப்போட்டைத் தந்த பெண், கூடியிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள். வீட்டுக்குத் திரும்ப நாவுல ஊர் பஸ்ஸில் ஏறியதுமே மாமியாருக்கு ஃபோன் எடுத்தேன்.

"கூடியிருக்காம், மாமி."

நான் வீடு சேருமுன் மாமி பாற்சோறு ஆக்கி அயலுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் டாக்டர், "கூடினது போதாதும்மா. கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகணும். இது தங்காது போல" என்றார். அந்த வாரமே கலைந்தது. பாற்சோற்றுத் தட்டைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டுக்காரி, எத்தனை மாதம் என்று கேட்டாள்.

இப்போது மீண்டும் உண்டாகியிருக்கிறேன். மாமிக்குக்கூடச் சொல்லவில்லை. இந்த முறையும் அதே சோதனைதான். நேற்று இரண்டாவது ரிப்போட்டைப் பார்த்த டாக்டரிடம், கூடியிருக்கிறதா என்று கேட்காமல், போதுமா என்று கேட்டேன்.

"கூட யாரும் வந்திருக்காங்களாம்மா?" என்றார்.