ஒன்பது புள்ளி நான்கு

அப்பா ஒரு பள்ளி ஆய்வகத்தில் இருபது வருடமாக அட்டெண்டர். ஊசல் சோதனைக்கு நூல் கட்டிக் கொடுத்தே கை காய்த்துப்போன மனிதர். பதவி உயர்வு வேண்டுமென்றால் பள்ளி இறுதித் தேர்வில் தேற வேண்டும். மூன்று முறை எழுதினார். மூன்று முறையும், வேறெதிலும் இல்லை, இயற்பியல் செய்முறையில் கோட்டை விட்டார். ஊரே சிரித்தது.

நாலாவது முறை நானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அவர் நழுவிவிடக் கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்தி, அதை ஒட்டி என் நாற்காலியைப் போட்டேன். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் அப்பா.

"புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவுப்பா?"

"ஒன்பது புள்ளி நாலு."

"புள்ளி எட்டுப்பா! புத்தகத்துல போட்டிருக்குல்ல?"

"நம்ம லேப்ல நாலுதாம்மா வருது. ஸ்டாப்வாட்ச் வேகமா ஓடுது. புதுசு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு."

"எட்டுன்னு எழுதிட்டு வாங்களேன். யாரு பாக்கப் போறா?"

"வந்ததைத்தானேம்மா எழுதச் சொல்றாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதே லேப்ல பரீட்சையில நான் எட்டுன்னுதான் எழுதினேன். முழு மார்க்!"

"தெரியும்மா. அன்னைக்கு உன் மேசைக்கு நூல் கட்டினதே நான்தானே. நீ ஊசலைத் தொடவே இல்ல."

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். கதவை அடைத்துக்கொண்டிருந்தது என் நாற்காலிதான்.

அப்பா தன் நோட்டில் எழுதியிருந்த நான்கை அடித்து எட்டு என்று எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இப்ப பாஸாம்மா?"