பின்கோட்டில் ஓர் இடது கால்

ஏழு வருடங்கள் ஒரு டென்னிஸ்காரியின் ஆட்டத்தை மைதானத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தவள் நான். ஆனால் அவள் பந்தை எப்படி அடிப்பாள் என்று யாராவது கேட்டால் முழிப்பேன். அவளுடைய இடது காலைப் பற்றிக் கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்வேன்.

அப்போது ஷார்ஜாவில், முவைலா பக்கம் குடியிருந்தோம். கணவர் காலை ஆறரைக்குத் துபாய் டிராஃபிக்கில் நுழைந்துவிடுவார். பிள்ளைகள் இரண்டும் ஸ்கூல் பஸ்ஸில் ஏறிவிட்டால் மத்தியானம் வரை நானும் வாஷிங் மெஷினும்தான். என் விசாவில் 'இல்லத்தரசி, வேலை செய்ய அனுமதி இல்லை' என்று அச்சடித்திருப்பார்கள். வேலை செய்ய எனக்கும் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதை அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

ஒரு நாள் கணவர் ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். பெண்கள் டென்னிஸ் போட்டிக்குக் கோட்டு நடுவர்கள் தேவையாம். சம்பளம் கிடையாது, தொப்பி, சட்டை, மதியச் சாப்பாடு உண்டு. சம்பளம் இல்லை என்றால் அது வேலை இல்லை. வேலை இல்லை என்றால் விசாவுக்கும் கோபம் வராது. திருச்சியில் கல்லூரி நாட்களில் பூப்பந்து ஆடியவள் நான், கோட்டருகே நின்று கத்தவும் கத்தியிருக்கிறேன். போகிறேன் என்றேன்.

"வீட்ல நீ போடுற கோட்டையே எங்களால தாண்ட முடியல. இதுல ஊருக்கும் பாக்கப் போறியா?" என்றார் கணவர்.

யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பது அவர் எனக்குக் கொடுத்திருந்த பட்டம். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு கூட என்றால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்கள், நான் சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அந்த வாய்க்கு ஒரு நாற்காலி போட்டு, தொப்பியும் கொடுக்கிறார்கள் என்றால் விடுவேனா?

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த தலைமை நடுவர் ஓர் எகிப்தியர். எனக்குப் பின்கோடு கொடுத்தார். சர்வ் போடுகிறவர் நிற்கும் கோடு அது. அந்தக் கோட்டின் முனையில் நாற்காலி போட்டு, பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. சர்வ் போடுகிறவர் பந்தை அடிக்கும் வரை அவர் கால் கோட்டைத் தொடக் கூடாது. தொட்டால் 'ஃபுட் ஃபால்ட்' என்று கத்த வேண்டும். அந்த சர்வ் செல்லாது; இரண்டு சர்வும் செல்லாமல் போனால் பாயிண்ட் எதிராளிக்கு. எல்லோரும் ஆகாயத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்கோட்டுக்காரி மட்டும் தரையில் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் போட்டி அல் ஐனில், சின்னப் போட்டி. விடியற்காலை வேனில் போனோம். தகுதிச் சுற்று ஆட்டம், கடைசி மைதானம். பார்வையாளர்கள் என்று சொன்னால் தண்ணீர்க் குழாயோடு நின்ற ஒரு தோட்டக்காரரும் இரண்டு பூனைகளும்தான். ஒரு பக்கம் நெதர்லாந்திலிருந்து வந்த பெண், பத்தொன்பது வயது இருக்கும், பனைமரம் மாதிரி உயரம். அவள் பெயர் மூன்று துண்டாக இருந்தது, என் வாயில் நுழையவில்லை. எங்கள் எல்லோருக்கும் அவள் 'ஹாலந்து' ஆகிவிட்டாள்.

முதல் செட்டில் அவளுடைய இடது கால் நுனி கோட்டின் மேல் ஏறியது. நான் கத்தினேன். வந்த சத்தம் எனக்கே புதிது, பூனைகள் ஓடிவிட்டன. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை, நம்ப முடியாத ஒரு பார்வை. பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை போலிருந்தது. அதன்பின் அவள் சர்வ் தடுமாறி, ஆட்டமும் போயிற்று.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. கணவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கால் தொட்டுச்சா, இல்லையா?"

"தொட்டுச்சுங்க."

"அப்புறம் என்ன? சாப்பிடு."

அடுத்த வருடம் துபாயில் பெரிய போட்டி. டீக் கோப்பையோடு பயிற்சி மைதானங்களின் வேலியோரம் நடந்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. ஒரு மைதானத்தில் மட்டும் ஆள் இருந்தது. ஹாலந்து. கூட ஒருவரும் இல்லை, கோச் இல்லை, எதிரில் ஆள் இல்லை. ஒரு கூடை நிறையப் பந்து. பின்கோட்டுக்கு நான்கு விரல்கடை பின்னால் தரையில் ஓர் ஆரஞ்சு நிற ஷூ லேஸை நீட்டிப் போட்டிருந்தாள். அந்த லேஸுக்குப் பின்னால் நின்று சர்வ் போட்டாள். கூடை காலியானதும் அந்தப் பக்கம் போய் ஒவ்வொரு பந்தாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். மறுபடி போட்டாள். என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் மூன்றாவது கூடையில் இருந்தாள்.

அந்த நான்கு விரல் இடைவெளி நான் கொடுத்தது. நான் ஒரு வார்த்தை கத்தினேன்; ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போய், ஒரு வருடம் முழுக்க உலகத்தில் எந்தெந்த ஊரிலோ விடியற்காலையில் எழுந்து, தன் உடம்பையே மாற்றி எழுதியிருக்கிறாள். நான் எத்தனை பேரிடம் எத்தனை குறை சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூட அதை இப்படி மதித்ததில்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் பிப்ரவரி என்றால் எனக்கு ஹாலந்துதான். முதலில் தகுதிச் சுற்றிலேயே திரும்பிப் போனாள். பிறகு ஒரு வருடம் தகுதிச் சுற்றைத் தாண்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை பெரிய மைதானத்தில், பேர்போன ஆட்டக்காரி ஒருத்தியை மூன்று செட்டில் சாய்த்தாள். நான் பின்கோட்டில் இருந்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட அவள் ஊர்க் கூட்டம் எழுந்து குதித்தது. அரபிக் குடும்பங்கள் எழுந்தன, மேல்தட்டில் இருந்த மலையாளிப் பையன்கள் விசில் அடித்தார்கள். நடுவர்கள் கை தட்டக் கூடாது. கையை முழங்கால்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அன்றும் நான் பார்த்தது அந்தக் காலைத்தான். முதலில் ஷூ நுனியால் இரண்டு தட்டு. பிறகு குதிகால் அசையாமல் ஊன்றும். பந்து மேலே போகும்போது முழு உடம்பும் வில்லாக வளையும், இடது கால் மட்டும் கோட்டுக்கு நான்கு விரல் பின்னால் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

இன்னொரு நாள், தண்ணீர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்து விரலில் நான்கில் நகமே இல்லை, மிச்சத்தில் இரண்டு கறுத்திருந்தன. டிவியில் வெள்ளை ஷூவுக்குள் ஓடுகிற கால் இதுதானா என்று பார்த்தபடியே நின்றேன். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டிருந்தால் பயந்துபோயிருப்பாள்.

ஒரு வருடம் அவள் வரவில்லை. கணுக்காலில் அறுவைச் சிகிச்சை என்றார்கள். அடுத்த வருடம் வந்தபோது மறுபடி தகுதிச் சுற்று, மறுபடி ஓரத்து மைதானம். கணுக்கால் முழுக்க டேப். இந்த சீசன் சரிப்படவில்லை என்றால் ஆட்டத்தை விட்டுவிடுவாள் என்று ஆங்கிலப் பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. "உன் ஹாலந்துக்காரி கதை முடிஞ்சுது போலருக்கே" என்று கணவர்தான் படித்துக் காட்டினார். பிரதான சுற்றுக்குப் போக இன்னும் ஒரே ஓர் ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அந்த ஆட்டத்தின் மூன்றாவது செட்டுக்கு, முறை மாறி எங்கள் நடுவர் குழு உள்ளே போனது. எனக்குப் பின்கோடு.

இரண்டாவது கேம், அவள் சர்வ், என் பக்கம். ஷூ நுனியால் இரண்டு தட்டு தட்டினாள். கால் ஊன்றியது. பந்து மேலே போனதும் அந்தக் கால் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதற்குப் பழைய பிடி இல்லை. நுனி கோட்டைத் தொட்டது. ஒரு நூல்தான், ஆனால் தொட்டது.

நான் கத்தவில்லை.

அதற்குள் பந்தின் தடத்தைப் பார்த்துச் சொல்லக் கணினி வந்திருந்தது, பெரிய மைதானத்தில். காலைப் பார்க்க எந்தக் கணினியும் வரவில்லை. அந்தக் கோட்டில் என் கண்தான் கடைசி. பாவம், இத்தனை வருடம், இவ்வளவு வலி, ஒரு நூலுக்கு என்ன என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்டதைச் சொல்லாமல் விழுங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் என்மேலேயே எனக்குப் பிரியமாக இருந்தது. ஆறாவது கேமில் மறுபடி தொட்டது, இந்த முறை ஒரு விரல் அளவு. அப்போதும் விழுங்கினேன். ஒரு முறை விழுங்கிவிட்டால் இரண்டாவது சுலபம்.

பத்தாவது கேம். நாலுக்கு ஐந்து, அவள் பின்தங்கியிருக்கிறாள். எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒன்று எடுத்தால் ஆட்டம் அவளுக்கு. ஹாலந்தின் முதல் சர்வ் வலையில் விழுந்தது. இரண்டாவது சர்வுக்குப் பந்தை மேலே போட்டாள். கால் சறுக்கியது. நூலும் இல்லை விரலும் இல்லை, பாதி ஷூ கோட்டின் மேல் இருந்தது. குருடனுக்கும் தெரியும்.

கத்தினேன்.

ஆட்டம் முடிந்துவிட்டது. அவள் ஏழு வருடம் முன்பு பார்த்தது போலவே திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு எதிராளிக்குக் கை கொடுத்தாள், நடுவருக்குக் கை கொடுத்தாள், பையைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கள் குழுவோடு நானும் வெளியே வந்தேன்.

நடுவரும் ஆட்டக்காரரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"கடைசியில் நீங்கள் சொன்னது சரி. எனக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் தொட்டதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இரண்டு முறை" என்றேன். "இரண்டாவது கேமில். ஆறாவது கேமில்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இரண்டாவது கேமில் சொல்லியிருந்தால் மிஞ்சிப்போனால் ஒரு பாயிண்ட்தான் போயிருக்கும். நான் பின்னால் தள்ளி நின்றிருப்பேன்."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அல் ஐனில் சொன்னது நீங்கள்தானே? அன்று என்னை யாருக்கும் தெரியாது. அன்று சொன்னீர்கள். இன்று ஏன் சொல்லவில்லை?"

"பாவமாக இருந்தது" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

தலையை மட்டும் ஆட்டினாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அவளை இறக்கிவிட்டவள் நான்தான். ஏழு வருடமாக அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரே மத்தியானத்தில் பிச்சை போடுகிற இடத்துக்கு என்னை உயர்த்திக்கொண்டேன். அந்தப் பிச்சைதான் அவள் ஆட்டத்தை முடித்தது.

எகிப்தியரிடம் போய் இரண்டையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார். நாளைய பட்டியலில் என் பெயரை அடித்தார். "கலாஸ்" என்றார், அரபியில் முடிந்தது என்று, வருத்தமாகத்தான்.

வீட்டில் கணவர் கிண்டல் பண்ணவில்லை. "நல்லதுன்னு நெனச்சுத்தானே விட்டே?" என்றார்.

"அதாங்க தப்பு" என்று சொல்லி அழுதேன்.

மறுநாள் காலை தொப்பியையும் சட்டையையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். சுடிதாரும் கைப்பையுமாக வேலியோரம் நடந்தபோது டப் டப் என்று சத்தம் கேட்டது. தோற்றுப்போனவள், சாயந்திரம் ஊருக்கு விமானம் ஏற வேண்டியவள், கூடை நிறையப் பந்தோடு நின்றிருந்தாள். தரையில் அதே ஆரஞ்சு லேஸ். இந்த முறை ஐந்து விரல் பின்னால் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் சின்னச் சின்ன ஊர்களில் ஆடினாள் என்று பின்னால் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று காலை அவளுக்கே அது தெரிந்திருக்காது. தெரியாமலேதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் நழுவப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள். மட்டையால் பின்கோட்டின் முனையைக் காட்டினாள்.

"நேரம் இருக்கிறதா?"

கைப்பையை வேலியில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். நாற்காலி இல்லை, கோட்டின் முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவள் குனிந்து லேஸை எடுத்துப் பைக்குள் போட்டாள். நுனியால் இரண்டு தட்டு தட்டினாள். பந்து மேலே போனது. கால் சறுக்கியது. தொட்டது, ஒரு நூல்.

"ஃபுட் ஃபால்ட்!"

பக்கத்து மைதானத்தில் ஆடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. ஒரு விரல் பின்னால் தள்ளி நின்று அடுத்த பந்தை எடுத்தாள். வெயில் ஏறும்வரை எத்தனை முறை கத்தினேன் என்று தெரியாது, என் தொண்டை கட்டிவிட்டது. கடைசிக் கூடையில் மட்டும் நான் ஒரு முறைகூட வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.