கருவாட்டுக் களமும் இரண்டு சர்க்காரும்

மணப்பட்டுக் கடற்கரையை அளக்கச் சர்க்கார் ஆட்கள் வந்த அன்று மணலில் ஒரு நெத்திலிகூட இல்லை. படுதா இல்லை, கிழிந்த வலை இல்லை, காக்கா விரட்டும் கோல்கூட இல்லை. விடிவதற்குள் என் சின்னம்மாவின் தலைமையில் பெண்கள் எல்லாவற்றையும் சுருட்டி வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். வந்தவர்கள் வெறும் மணலைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சின்னம்மாவுக்கு ஏக மகிழ்ச்சி. முன்பொரு முறை இப்படித்தான் சிலர் கரையோரக் குடிசைகளை எண்ணிக்கொண்டு போனார்கள். அடுத்த மழைக்குள் அவற்றைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. "எண்ணிட்டா எடுத்துப்பானுங்க. கண்ணுல படலன்னா இன்னாத்த எடுப்பான்?" அன்றிலிருந்து அவளுக்கு இதுதான் வேதம்.

கண்ணில் படாததையும் எடுப்பார்கள் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. அப்போது நான் புதுச்சேரியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அன்று அளந்து போட்ட கடற்கரை வரைபடத்தின் நகல் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கருவாடு காயும் எங்கள் களம் அதில் காலி மணல் என்று இருந்தது. அந்த மணலில் சொகுசு விடுதி கட்ட ஒருவர் மனுப் போட்டிருந்தார். களம் போனால் எங்கள் தெருப் பெண்கள் மீனைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வக்கீல் என்னை விதிகளைத் தேடச் சொன்னார். மத்திய அரசின் கடற்கரை விதி ஒரு பக்கம், புதுச்சேரித் துறைகளின் ஆணைகள் ஒரு பக்கம். டெல்லிக் காகிதம் உள்ளூரைக் கை காட்டியது. உள்ளூர் அலுவலகத்தில் கேட்டால், "அது டெல்லி விஷயம் தம்பி" என்றார்கள். எனக்கும் சந்தேகப் புத்தி வந்தது அந்த வேலையில்தான். 'உரிய அனுமதியுடன்' என்று எங்காவது படித்தால் யாருக்கோ கொல்லைக் கதவு திறந்திருக்கிறது என்று இன்றும் தோன்றும். 'பொது நலன்' என்று இருந்தால் இரண்டு முறை படிப்பேன். கடைசியில் ஒரு மூலையில் கிடைத்தது. மீனவர்கள் பொதுவாகப் புழங்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தே ஆக வேண்டும், விட்டுப்போனால் ஊர்க்காரர்கள் ஆட்சேபம் சொல்லலாம் என்றது மத்திய விதி.

தலைகால் புரியாத சந்தோஷத்தில் சின்னம்மாவிடம் ஓடினேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"இத சொல்லச் சொல்லி யாருடா உன்ன அனுப்பிச்சா?"

"யாரும் அனுப்பல சின்னம்மா, சட்டத்துலயே இருக்குது."

"அவனே சட்டம் போடுவானாம், அவனே நமக்கு எடுத்துக் கொடுப்பானாம். உனக்கு சம்பளம் யாரு தர்றா, அத சொல்லு மொதல்ல."

என்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்ட கேள்வி அது. கோபத்தைவிட அழுகைதான் வந்தது. ஆனால் அடுத்த வாரம் விடுதிக்காரர் தெருவுக்கு இனிப்புப் பெட்டிகள் கொடுத்தனுப்பினார். "சும்மா எவனாவது மைசூர்பாகு குடுப்பானா?" என்று சொல்லி, தானே முன்னால் நின்று தெருவையே ஆட்சேப மனுவில் கையெழுத்துப் போட வைத்தாள். என் சட்டத்தால் ஆகாதது மைசூர்பாகால் ஆயிற்று.

களத்தைச் சுற்றி வரைபடத்தில் கோடு விழுந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு அந்தாண்ட?"

"அந்தாண்ட நம்முது இல்ல."

"கடல் இந்தாண்ட வந்தா?"

உன்னைத் திருப்திப்படுத்தவே முடியாது என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடல் வந்தது. வடக்கே எங்கெங்கோ அலையைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், இங்கே மணல் கரைந்தது. இப்போது களத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். வரைபடத்தில் மட்டும் அது முழுசாக இருக்கிறது. மிச்ச இடத்துக்குப் பெண்கள் தினமும் அடித்துக்கொள்கிறார்கள். களத்துக்குப் பின்னால் இருக்கும் சவுக்குத்தோப்புப் பக்கம் நகரலாம் என்றால் அது கோட்டுக்கு வெளியே, விடுதிக்காரரின் புது மனு அதன் மேல்தான். மறுபடி விதிகளைத் துழாவி, வரைபடத்தைத் திருத்தக் கேட்க வழி கண்டுபிடித்து எழுதிப் போட்டேன். இந்தக் கோடையில் அளக்க வருவதாகச் சொன்னார்கள். சின்னம்மாவிடம் தேதியைச் சொன்னேன். பழையபடி சுருட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

அளக்கும் நாள் காலை நான் போனபோது அலைக்கு இந்தப் பக்கம் தொடங்கிச் சவுக்குத்தோப்பு வரை நெத்திலி, காரப்பொடி மீன், சென்னாக்குனி இறால். மணலே தெரியவில்லை. பக்கத்துக் குப்பங்களில் எல்லாம் சின்னம்மா மீன் இரவல் வாங்கியிருந்தாள்.

"இன்னா சின்னம்மா இது? நாம காயப்போடுற எடம் இவ்ளோ கெடையாதே" என்று காதோரம் கேட்டேன்.

"கடல் திங்கப்போறதுக்கும் சேத்துப் போட்டிருக்கேன்டா. வாய மூடிக்கினு நில்லு."

அளக்க வந்த அதிகாரிக்கும் சந்தேகம். நீளவாக்கில் பார்த்தார், குறுக்கே பார்த்தார், பிறகு சட்டை கசங்காமல் நின்ற என்னிடம் வந்தார். "மொத்தமும் இவங்க வழக்கமா காயப்போடுற இடந்தானா சார்?" சின்னம்மா காக்கா விரட்டுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். இத்தனை காலம் விதிகளில் ஒரு சொல் பிசகாமல் படித்தவன் நான்.

"ஆமாம் சார், தோப்பு வரைக்கும்" என்றேன்.