மேற்குப் பக்கத்து இலைகள்

அன்புவழிபுரத்துச் சிவபாதம் திராட்சைக் கொடியில் கிழக்குப் பக்கத்து இலைகளை மட்டுமே கிள்ளுவார். மேற்கில் கை வைத்தால் பின்னேர வெயில் குலைகளைச் சுட்டுவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஆனியில் மனைவி மங்கைக்குத் தொண்டைப் புற்றுநோய் முற்றியது. விழுங்க முடியாமல் போவதற்குள் அவள் ஒரு பழமாவது தின்னட்டும் என்று, விரைவில் பழுப்பதற்காக இரு பக்கத்து இலைகளையும் உருவிவிட்டார். பின்னேர வெயிலிலும் மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்றின் வெக்கையிலும் காய்கள் கருகிச் சுருங்கின.

ஒரு குலையைக் கொண்டுவந்து காட்டினார்.

"இஞ்சாருங்கோ, முந்திரிகைக் குலையையும் என்னைப்போல வாட்டிப்போட்டியளே!" என்று மங்கை சிரித்தாள்.

"அவசரப்பட்டிட்டன், மங்கை."

"தாங்கோ, பாப்பம்."

ஒன்றை மென்றாள். விழுங்க முடியவில்லை. அவர் நீட்டிய உள்ளங்கையில் துப்பிவிட்டு, "நல்ல இனிப்பு" என்றாள்.

காயிலேயே கருகியது அது. இனிப்பு ஏறியிருக்க வழியே இல்லை.